காக்காயையும் எண்ணச் சொல்கிற ஈபேர்ட் செயலி

பார்த்த பறவைகளைப் பட்டியல் போடுகிற ஈபேர்ட் செயலியை இரண்டு சீசனாகப் பயன்படுத்துகிறேன். பறவையின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் என்று நினைத்து இறக்கினால் ஏமாந்து போவீர்கள், அதற்கு இதை நடத்துகிற அதே அமெரிக்கக் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இருக்கிறது. இது கணக்குப்பிள்ளை மாதிரி. எங்கே நின்றாய், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தாய், எந்தப் பறவை எத்தனை, அவ்வளவுதான் கேட்கும். 2002-இல் இணையதளமாகத் தொடங்கியது, செயலி பிறகு வந்தது. காசு கிடையாது.

காலையில் திருநெல்வேலி நயினார்குளம் கரையில் போனைத் தட்டிக்கொண்டே நடப்பேன். டீக்கடைக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, காக்காயையுமா எண்ணுதிய?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. காக்கா, மைனா, மடையான் எல்லாம் எதற்கு, பூநாரை வந்தால் எழுதலாமே என்று.

விஷயம் கடைசியில் வருகிற ஒரு கேள்வியில் இருக்கிறது. பட்டியலை அனுப்பும் முன், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று கேட்கும். ஆமாம் என்றால், பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்கு உங்கள் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். நீங்கள் எழுதாத பெயரும் ஒரு தகவலாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்தச் செயலியே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

கமீல் பார்மசான் என்கிற சூழலியலாளர் மெக்சிகோவிலிருந்து கனடா வரை ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சியைத் தேடிப் போனார், எடித்தின் செக்கர்ஸ்பாட் என்று பெயர். பழைய பதிவுகளில் அது இருந்ததாகச் சொல்லப்பட்ட இடங்களுக்கெல்லாம் திரும்பப் போய், இப்போது இருக்கிறதா இல்லையா என்று பார்த்தார். கட்டடம் கட்டி, காட்டை அழித்துக் கெட்டுப்போன இடங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. இடம் நன்றாக இருக்கிறது, பூச்சி மட்டும் இல்லை என்பதைத்தான் எண்ணினார். அப்படி அற்றுப்போனது தெற்கிலும் தாழ்வான இடங்களிலும் அதிகம், வடக்கிலும் உயரத்திலும் குறைவு, அதாவது சூடான பக்கத்தில்தான் அதிகம் அழிந்தது. 1996-இல் நேச்சர் இதழில் வந்தது. முன்னே யாரோ இடத்தைச் சரியாக எழுதி வைத்திருந்ததால்தான் அந்த "இல்லை"க்கு மதிப்பு. நம்ம நயினார்குளத்துப் பாம்புத்தாராவுக்கும் அதே கதைதான், இன்றைக்கு எழுதி வைத்தால்தான் நாளைக்கு "இல்லை" என்று சொல்ல முடியும்.

இப்படி வருகிற பட்டியல்களை வெப்பநிலை, மழை, நிலப்பரப்பு விவரங்களோடு சேர்த்து, எந்த இனம் எங்கே இருக்க முடியும், நாளைக்கு எங்கே நகரும் என்று கணிக்கிறார்கள். ஆனால் ஆட்கள் போகிற இடத்தில்தான் பதிவு குவியும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரித்தலை வாத்து பார்க்க ஞாயிற்றுக்கிழமை கார் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், வழியில் இருக்கிற பேர் தெரியாத குளத்தில் வண்டியை நிறுத்துவதில்லை. அப்புறம் அங்கே பறவை இல்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று எப்படிப் பிரிப்பது? பார்க்க எடுத்துக்கொண்ட நேரம், தூரம் எல்லாவற்றையும் வைத்துக் கொஞ்சம் சரிசெய்வார்கள். ஆளே போகாத குளத்துக்கு அதுவும் உதவாது.

ஒரு வருஷம் கூழைக்கடா குறைந்ததும் "பருவநிலை மாற்றம்" என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வராமல் கூந்தன்குளம் வறண்டு கிடந்திருக்கலாம். பல வருஷக் கணக்கு வேண்டும்.

மலையில்தான் எனக்குக் கவலை. மேற்குத்தொடர்ச்சி மலையில் அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளில் மட்டும் வாழ்கிற சிரிப்பான் என்கிற ஒரு பறவை இருக்கிறது, உயரமான சோலைகள்தான் அதற்கு வீடு. கீழே சூடு ஏற ஏற மேலே போகலாம், சரி, அங்கே உயரமான அகத்தியமலையே 1868 மீட்டர்தான். அதற்கு மேல்?

என் கூத்து ஒன்று. கூந்தன்குளத்தில் முடித்துவிட்டு, செயலி தூரம் கணக்கிடுவதை நிறுத்துகிற பட்டனை அழுத்த மறந்து பஸ் ஏறிவிட்டேன். டவுனுக்கு வந்து பார்த்தால் நான் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறேன்! அப்படியே அனுப்பியிருந்தால் அந்தத் தாழைக்கோழி குளத்தில் நின்றதா, மூலைக்கரைப்பட்டி ரோட்டில் நின்றதா என்று யாருக்குத் தெரியும்? நல்லவேளை, தூரத்தையும் நேரத்தையும் கையால் மாற்ற முடிகிறது.

 

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். மாஞ்சோலைப் பக்கம் போகிறவர்கள் நம்ம பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள், சிக்னல் இல்லாத இடத்திலும் பட்டியல் போடலாம், கீழே இறங்கிய பிறகு அனுப்பிக்கொள்ளலாம். பவர் பேங்க் கட்டாயம்.