சோளகக் காற்றுக் காலத்தில் எந்தக் கடல்? கித்துல்கல–ஹிக்கடுவ ஒருநாள் பயணமும் நிலாவெளியும்

கனடாவிலிருந்து மச்சான் வருகிறான் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு பட்டியல் தயாராகிவிடும். ஒன்று அவன் சாப்பிட வேண்டியவை, மற்றது அவனைக் கூட்டிப்போக வேண்டிய இடங்கள். இந்த ஓகஸ்டில் அவனே மூன்றாவதாக ஒன்றை அனுப்பியிருந்தான். காலையில் அருவி விழும் ஓடைக்குள் இறங்கிப் பாறைகளில் வழுக்கி வருவது, பின்னேரம் கடலில் மிதந்து ஆமை பார்ப்பது, இரண்டும் ஒரே நாளில், வழிகாட்டியோடு. பிலிப்பைன்சில் செபு தீவுக்குப் போனபோது அப்படி ஒரு பயணம் செய்தானாம். இலங்கையில் அருவியும் இருக்கிறது, கடலும் இருக்கிறது, பிறகென்ன என்று கேட்டான்.

கேட்டால் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் மலைப்பக்கத்துக் கித்துல்கலவில் கேன்யனிங், பின்னேரம் தென்மேற்குக் கரை ஹிக்கடுவவில் ஸ்நோர்க்கலிங். போன வருஷம் மார்ச்சில் கொழும்பு நண்பர்களோடு நானே அதைச் செய்திருந்தேன். மற்றத் தெரிவு யாழ்ப்பாணத்தாராகிய நமக்குக் கிட்டிய, திருகோணமலைப் பக்கத்து நிலாவெளி. அங்கே கரைக்கு முன்னால் புறாத்தீவு. அருவி கிடையாது, கடல் மட்டும்தான். இந்த ஓகஸ்டில் நான் எடுத்தது நிலாவெளியை. அந்தப் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காசு, தூரம் எல்லாம் ஒரு மூச்சில் முடிகிற கதை. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக நிலாவெளி ஏறக்குறைய 250 கிலோமீற்றர். விடிய மூன்று மணிக்கு வான் எடுத்தால் எட்டரைக்குள் கடற்கரையில் நிற்கலாம். கித்துல்கலவுக்கு எட்டு ஒன்பது மணித்தியாலம் பிடிக்கும். ஆகவே நம்மைப் பொறுத்தவரை அந்த ‘ஒருநாள் பயணம்’ உண்மையில் மூன்று நாள்: போக ஒன்று, பயணத்துக்கு ஒன்று, வர ஒன்று. கொழும்பில் உறவினர் வீடு இருந்தால் செலவு குறையும், இல்லாவிட்டால் கூடும். அவ்வளவுதான்.

சரி, கேன்யனிங்குக்கு வருவோம். ஆறே இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு அது சும்மா விடக்கூடிய அனுபவம் இல்லை. நமக்கென்று இருக்கிற ஒரே ஆற்றுக்குப் பெயர் வழுக்கை ஆறு, அதிலும் மாரியில் மட்டும்தான் தண்ணீர். கித்துல்கலவில் உண்மையாகவே வழுக்கலாம். களனி கங்கையில் வந்து சேரும் சின்ன ஓடை ஒன்றுக்குள் மேலே இறக்கிவிடுவார்கள். தலைக்கு ஹெல்மெட், உடம்புக்கு லைஃப் ஜாக்கெட், காலுக்குப் பழைய சப்பாத்து. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர். தண்ணீர் பல காலம் தேய்த்து மொழுமொழு என்று ஆக்கிவைத்த பாறையில் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு சரிய வேண்டும். கீழே ஒரு குளம் மாதிரித் தேங்கிய இடத்தில் தொப்பென்று விழுவோம். அடுத்த இடத்தில் குதிக்கச் சொல்வார்கள். பயந்தவருக்கு ஓரமாக இறங்கவும் வழி காட்டுவார்கள். நான் முதல் குதியில் ஐந்து நிமிஷம் யோசித்தேன், இரண்டாவதில் யோசிக்கவில்லை.

அட்டை கடிக்கும். யாழ்ப்பாணத்தில் அட்டை என்றால் வாடியில் காய்ந்து ஏற்றுமதியாகிற கடலட்டைதான் நினைவுக்கு வரும். அங்கே அது காலில் ஏறி இரத்தம் குடிக்கிற சாமான். உப்புப் போட்டால் விழுந்துவிடும் என்று சொன்னார்கள், விழுந்தது.

அந்தக் காலை முழுதும் எனக்குப் பிடித்தது. சறுக்கல் அதற்குப் பிறகுதான். ஓடையை விட்டு ஏறி, உடுப்பு மாற்றி, சோறு சாப்பிட்டு, அவிசாவளை வழியாக இறங்கி அதிவேகப் பாதை பிடித்து ஹிக்கடுவ போய்ச் சேர மூன்றரை மணி. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி. முழங்கையிலும் முழங்காலிலும் பாறை உரசிய சிராய்ப்பு. அதோடு கடலில் இறங்கினால் எரிவு எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. மார்ச் மாதமாதலால் கடல் அமைதிதான். ஆனாலும் பின்னேர வெயில் சரிந்துவிட்டது. காலை முழுக்கக் கண்ணாடி அடித்தட்டுப் படகுகளும் குளிக்கிறவர்களும் கலக்கிய தண்ணீரில் ஆறேழு அடிக்கு அப்பால் தெளிவாகத் தெரியவில்லை. ஹிக்கடுவவில் எனக்குக் கிடைத்தது ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் ஆமை பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். அங்கே பேராமைகள் கரைக்கே வருகின்றன, ஆட்கள் கடற்பாசியை நீட்டுகிறார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடியே நீச்சல் தெரியாத ஆச்சியும் ஆமை பார்க்கலாம். நிலாவெளியில் இந்த வசதி கிடையாது. காட்டு உயிருக்குக் கையால் தீனி கொடுப்பது எனக்கு உவப்பில்லாத காரியம். ஆனால் சின்னப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பெரிதாகப் பேச வாய் வரவில்லை.

இனி என் முடிவை உண்மையில் தீர்மானித்த விஷயம்: காற்று.

நமது கடற்றொழிலாளர்கள் யாரைக் கேட்டாலும் இரண்டு வரியில் சொல்லிவிடுவார்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம், தென்மேற்கிலிருந்து வருவது. மார்கழி, தையில் வாடை, வடகிழக்கிலிருந்து வருவது. பயண ஏற்பாட்டாளர்களின் விளம்பரப் படத்தில் எல்லா மாதமும் ஒரே நீலக் கடல்தான். கடல் அப்படி நடந்துகொள்வதில்லை. சோளகம் இந்து சமுத்திரத்தின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து முதலில் முட்டுவது தென்மேற்குக் கரையில். அதாவது ஹிக்கடுவவில். அலை உயரும், மணல் கிளம்பும், தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். அதே காற்று உள்ளே போய் மலையில் ஏறும்போது மழையாகக் கொட்டுகிறது. கித்துல்கலவுக்கு மேலே கினிகத்தேனை, வட்டவளைப் பக்கமெல்லாம் நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்கள். வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் தாண்டும், யாழ்ப்பாணத்தில் 1300ஐ எட்டினாலே நல்ல மாரி என்போம். ஆகவே மே தொடங்கி செப்டெம்பர் வரை அந்த ஓடைகள் எந்த நேரம் எப்படி ஏறும் என்று சொல்ல முடியாது. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை பெய்யும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மண்ணிறமாகி ஏறும். நல்ல வழிகாட்டி என்றால் அன்றைக்கு இறங்க விடமாட்டார். அவர் இறங்க விடாததுதான் உங்களுக்கு நல்லது, காசு போனாலும்.

மலையில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும்போது அதே காற்று வறண்டுபோகிறது. திருகோணமலைப் பக்கம் அப்போது காய்ந்த வெயில் காலம். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். ஒரே காற்று ஒரு கரையைக் கலக்கி மற்றக் கரையைத் தெளிய வைக்கிறது. வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுகிற தைப்பொங்கல் காலத்தில் எல்லாம் தலைகீழ். அப்போது நிலாவெளிக் கடல் கொந்தளிக்கும், ஹிக்கடுவ குளம் மாதிரிக் கிடக்கும்.

இப்போது நம் நிலைமையைப் பாருங்கள். பள்ளிக்கூட விடுமுறை ஓகஸ்ட். வெளிநாட்டுச் சொந்தம் வருவதும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, அதே ஓகஸ்ட். அந்த இரட்டைப் பயணத்தின் இரண்டு பாதியும் ஒருசேரக் கெட்டுப்போகிற மாதம் அது. செபுவில் இது சரிவருவதற்குக் காரணம் தூரம். அங்கே கவாசான் அருவி இருக்கிற படியான் ஊரும், மத்தி மீன் கூட்டம் கரையோரமே சுழல்கிற மோல்போல் ஊரும் அடுத்தடுத்த ஊர்கள். அருவியில் குளித்த ஈரம் காயுமுன் கடலில் இறங்கலாம். இங்கே நாலு மணித்தியாலம் வானில் இருந்து வியர்க்க வேண்டும்.

இதையெல்லாம் நான் மச்சானுக்கு விளக்கியபோது அவன் நம்பவில்லை. என்னோடு வேலை செய்யும் ஒருவரின் குடும்பம் ஜூலைக் கடைசியில் போய்வந்த கதைதான் அவனை நம்பவைத்தது. ஓடையில் தண்ணீர் கூட என்று பாதித் தூரத்திலேயே ஏற்றிவிட்டார்கள். ஹிக்கடுவவில் சிவப்புக் கொடி. கடலுக்குப் பதிலாக ஆமைக்குஞ்சு வளர்க்கும் தொட்டிகளைக் காட்டிவிட்டுக் கூட்டிவந்தார்களாம். காசு திரும்பக் கேட்டதற்கு, ‘ஆமை பார்த்தீர்கள்தானே’ என்று பதில்.

நிலாவெளிக்கு இது நான் மூன்றாவது முறை. கரையிலிருந்து புறாத்தீவு ஒரு கிலோமீற்றர் அளவில், படகில் பத்து நிமிஷம். பெரியது ஒன்று, சின்னது ஒன்று என இரண்டு தீவுகள். 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். வெள்ளைக்காரர் காலத்தில் அதைச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்று இவ்வளவு மிஞ்சியிருப்பதே அதிசயம். 1998இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) வெளிறிச் செத்தபோது ஹிக்கடுவ பலத்த அடி வாங்கியது, திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது.

முருகைக்கல் என்றால் எனக்கு நெடுந்தீவு வேலிதான். அங்கே காய்ந்து சாம்பல் நிறமாக மதிலாய் அடுக்கிக் கிடக்கும். அதே கல் உயிரோடு இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் கண்டது புறாத்தீவில். மான் கொம்பு மாதிரிக் கிளைவிட்டது, மூளை மாதிரி மடிந்தது, மேசை மாதிரி விரிந்தது. இடையில் கிளிமீன் கல்லைக் கரும்பு மாதிரிக் கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கேட்கும். தீவின் மற்றப் பக்கம் கொஞ்சம் ஆழத்தில் கருமுனைச் சுறா. ஐந்தடிக்கு மேல் நான் பார்த்ததில்லை. நாம் கிட்டப் போனால் அதுதான் விலகும். மச்சானின் மகள் நாலு சுறா எண்ணினாள், ஒன்றையே நாலு முறை எண்ணினாளோ தெரியாது. அழுங்கு ஆமை ஒன்று எங்களுக்குக் கீழே பத்து நிமிஷம் மேய்ந்தது, யாரும் தீனி நீட்டாமலே.

அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் மரக்கறி. நல்லூரில் கொடியேறிவிட்டால் மச்சம் கிடையாது. இத்தனை மீனையும் பார்த்துவிட்டுக் கரையேறிப் புளிச்சாதம் சாப்பிட்டது தனி விரதம்.

குறையில்லாத இடம் என்று சொல்ல வரவில்லை. ஓகஸ்ட் சனி, ஞாயிறுகளில் சனம் நெருக்கும். நீந்தத் தெரியாதவர்கள் களைத்துப்போய்க் கல்லில் ஏறி நிற்கிறார்கள், ஒரு மிதியில் பல வருஷ வளர்ச்சி முறிந்துபோகிறது. படகுத் துறைக்கு முன்னால் உள்ள கற்களில் பாதி அப்படித்தான் செத்துக் கிடக்கின்றன. வார நாளில், அதுவும் காலையில் முதல் படகில் போங்கள். பத்தரைக்குப் பிறகு காற்றும் எழும், ஆட்களும் கூடுவார்கள். அதனால் அடுத்த முறை முதல்நாளே போய்த் திருகோணமலையில் தங்கத்தான் எண்ணம். விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டும் நாங்கள் முதல் படகைத் தவறவிட்டோம்.

நுழைவுச் சீட்டு கடற்கரையிலேயே வாங்க வேண்டும், படகுக் காசு வேறு. உள்ளூராருக்கும் வெளிநாட்டாருக்கும் கட்டணம் தலைக்கு எட்டாத வித்தியாசம். தேசிய அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். மச்சான் யாழ்ப்பாணத் தமிழில் எவ்வளவு மன்றாடியும் கனடாக் கடவுச்சீட்டுக்கு வெளிநாட்டுக் காசுதான் எடுத்தார்கள். நியாயம்தான் என்று அவன் மனைவி சொன்னாள், அவன் இன்னும் சொல்லவில்லை. வாடகை மாஸ்க்கைப் பட்டி போடாமல் முகத்தில் அழுத்தி, மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். கை விட்டும் விழாமல் ஒட்டிக்கொண்டால் எடுக்கலாம். எனக்கு முதலில் தந்தது ஒழுகியது. மீசைக்காரருக்கு எந்த மாஸ்க்கும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். முதுகுக்கு வெயில் கிறீம் பூசுவதைவிட நீளக்கை ரீசேட் போடுவது முருகைக்கல்லுக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது.

கேன்யனிங் நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், அதுவும் தண்ணீர் குறைந்த மார்ச்சில். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு அது எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல வழியில்லை. முழங்கால் நோவுள்ளவர்களைக் கூட்டிப்போகமாட்டேன், அது மட்டும் நிச்சயம். உள்ளூரிலேயே முடிக்கலாமே என்பவர்களுக்கு: கசூரினாக் கடற்கரையில் குளிக்கலாம், கீரிமலைக் கேணியில் முழுகலாம். மாஸ்க் போட்டுப் பார்க்க அங்கே எனக்கு மணலும் கொஞ்சம் சாதாளையும்தான் கிடைத்தது.

திரும்பும் வழியில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழும் ஏழு சூடு. ஒவ்வொன்றிலும் வாளியால் அள்ளி ஊற்றினால் உப்பும் போகும், நீந்திய கை அலுப்பும் போகும்.

அடுத்தது நத்தார் விடுமுறைக்கு வருவதாக மச்சான் சொல்லியிருக்கிறான். அப்போது வாடை. நிலாவெளியை நானே வேண்டாம் என்பேன். கித்துல்கலவில் ஒருநாள், அங்கேயே இரவு தங்கல், அடுத்த நாள் ஹிக்கடுவ போய் அங்கும் ஓர் இரவு, கடலில் இறங்குவது மூன்றாம் நாள் விடிய. இதுதான் நான் அனுப்பிய திட்டம். அவன் மனைவியிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்திருக்கிறது: ‘அண்ணை, அட்டைக்கு எவ்வளவு உப்புக் கொண்டுவர வேணும்?’