கேபிளைத் தொடாமல் பாதையை மாற்ற: ஸ்மார்ட் வீடியோஹப் 20×20

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னைத் தலைமையிடமாகக் கொண்ட பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் ஸ்மார்ட் வீடியோஹப் 20×20 ரவுட்டர் (வீடியோ சிக்னல்களை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் பெட்டி) எங்கள் சிறிய கட்டுப்பாட்டு அறையில் சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரேக்கில் ஒரு யூனிட் உயரமே பிடிக்கும் இந்தப் பெட்டியில் 20 எஸ்.டி.ஐ. (தொழில்முறை வீடியோவைக் கேபிளில் அனுப்பும் டிஜிட்டல் முறை) உள்ளீடுகளும் 20 வெளியீடுகளும் உள்ளன. எந்த உள்ளீட்டையும் எந்த வெளியீட்டுக்கும் அனுப்பலாம். ஒரே உள்ளீட்டை இருபதுக்கும் சேர்த்தே அனுப்பலாம். சாதாரணத் தரமான எஸ்.டி. முதல் 6ஜி (விநாடிக்குச் சுமார் 6 கிகாபிட்) எஸ்.டி.ஐ. வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். 12ஜி தேவைப்படுவோர் பின்னால் வந்த மாடல்களைப் பார்க்க வேண்டும்.

கேமராவை மானிட்டருக்கு அனுப்புவதற்காக மட்டும் நாங்கள் இதை வாங்கவில்லை. எங்களிடம் இரண்டு ஃபிரேம் சிங்க்குகளும் (வெளியிலிருந்து வரும் படத்தின் நேரத்தை எங்கள் நேரத்தோடு ஒத்திசைப்பவை) ஒரு அப்-கன்வெர்ட்டரும் (குறைந்த தரப் படத்தை உயர் தர வடிவத்துக்கு மாற்றுவது) என மூன்று மாட்யூல்கள் மட்டுமே உண்டு. வெளியிலிருந்து ஒரு ஃபீட் வரும்போதெல்லாம் ரேக்கின் பின்னால் டார்ச்சோடு குனிந்து பி.என்.சி. கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு மாட்யூலின் உள்வாயிலும் ரவுட்டரின் ஒரு வெளியீட்டோடும், அதன் வெளிவாயில் ரவுட்டரின் ஒரு உள்ளீட்டோடும் நிரந்தரமாக இணைந்திருப்பதால், வெளி ஃபீட் ரவுட்டருக்குள் நுழைந்து, ஃபிரேம் சிங்க்குக்குப் போய், மறுபடி ரவுட்டருக்கே திரும்பி, அங்கிருந்து ஸ்விட்சருக்கு (ஒளிபரப்பில் காட்சிகளை மாற்றும் கருவி) போகிறது. இந்த வசதிக்கு விலை உண்டு: மூன்று மாட்யூல்களுக்காக இருபுறமும் மூன்று வாய்கள் போய்விடுவதால், கையில் நிற்பது 17×17 ரவுட்டர்தான். வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாட்யூலின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டால் இந்த ரவுட்டர் தடுக்காது. தன் வாய்களுக்கு அப்பால் என்ன மாட்டியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு முறை அவசரத்தில் நானே அப்படிச் செய்துவிட்டேன். கடைசியாக வந்த ஃபிரேம் ஃபிரேம் சிங்க்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. செய்தியாளர் பாதி மூடிய கண்களோடு திரையில் உறைந்து நின்றார். சுற்றிவந்ததும் ஒழுங்கான எஸ்.டி.ஐ. சிக்னல்தான் என்பதால் மாட்யூலின் விளக்கு பச்சையாகவே எரிந்தது, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அதன்பிறகு எல்லா லேபிள்களிலும் ‘சிங்க் 1 போக’, ‘சிங்க் 1 வர’ என்று திசையையும் சேர்த்து எழுதிவிட்டோம்.

முன்பக்கப் பலகை தெளிவானது. டெஸ்டினேஷனை (படம் போகும் வெளியீடு) தேர்ந்து, சிறு திரையில் படத்தைப் பார்த்தபடி சோர்ஸை (படம் வரும் உள்ளீடு) தேர்ந்து, டேக் அழுத்தினால்தான் மாற்றம் நிகழும்; கை தவறிப் பட்ட ஒரு பட்டனால் ஒளிபரப்பு கெடாது. ஒளிபரப்புக்குப் போகும் வெளியீட்டை லாக் செய்து வைக்கலாம்.

ஆனால் இதை ஸ்விட்சராக எண்ணி வாங்குபவர் ஏமாறுவார். பெட்டிக்கு ரெஃபரன்ஸ் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான நேரச் சிக்னல்) கொடுத்து, எல்லா சோர்ஸ்களும் அதே ரெஃபரன்ஸில் ஜென்லாக் ஆகியிருந்தால், அதாவது அதனோடு ஒத்திசைந்திருந்தால், மாற்றம் படத்துக்கு வெளியே உள்ள வரிகளில் நிகழ்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். 1080 இன்டர்லேஸுக்கு (ஒற்றை, இரட்டை வரிகளை மாறிமாறி அனுப்பும் முறை) 7, 569 ஆகிய வரிகளை எஸ்.எம்.பி.டி.இ. என்ற தர நிர்ணய அமைப்பின் ஆர்.பி. 168 ஆவணம் பரிந்துரைக்கிறது. ஜென்லாக் இல்லாத சோர்ஸுக்கு மாறினால் படம் ஒரு குதி குதிக்கும். உள்ளீடுகளைத் தானே ஒத்திசைக்கும் கிளீன்ஸ்விட்ச் 12×12 இதே வரிசையில் உண்டு. ஃபார்மேட் மாற்றமும் இதன் வேலையல்ல. சிக்னலுக்குள்ளேயே எம்பெட் செய்த (பொதிந்த) ஒலி படத்தோடு ஒட்டியே பயணிக்கும். ஒன்றின் படத்தையும் மற்றொன்றின் ஒலியையும் சேர்க்க வழியில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் நெட்வொர்க் கட்டுப்பாடு. டி.சி.பி. 9990 போர்ட்டில் இணைந்தால், பெட்டி தன் லேபிள்கள், தற்போதைய பாதைகள், லாக் நிலை அனைத்தையும் சாதாரண எழுத்தாகவே அனுப்பிவிடும். ‘VIDEO OUTPUT ROUTING:’ என்ற தலைப்பு வரி, அதன்கீழ் வெளியீட்டு எண், ஓர் இடைவெளி, உள்ளீட்டு எண், முடிவில் ஒரு வெற்று வரி; ஒரு பாதையை மாற்ற இவ்வளவு போதும். எண்கள் சுழியத்திலிருந்து தொடங்குவதால், அந்தத் தலைப்பின்கீழ் ‘4 0’ என்று அனுப்பினால் ஐந்தாம் வெளியீட்டுக்கு முதல் உள்ளீடு போகும். புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். காலைச் செய்திக்கான பன்னிரண்டு பாதைகளையும் இப்போது ஒரே கட்டளையில் அமைத்துவிடுகிறோம். இந்த இணைப்புக்குக் கடவுச்சொல் எதுவும் கிடையாது என்பதால், ரவுட்டரை அலுவலக நெட்வொர்க்கில் சேர்க்காமல் தனி நெட்வொர்க் ஸ்விட்ச்சில் வைத்திருக்கிறோம்.