கனடா பல்கலைக்கழக வாய்ப்பைக் கணித்துத் தரும் சேவை: சேலத்தில் எங்கள் அனுபவம்

சாரதா கல்லூரி சாலையில் உள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்தில், 2024 அக்டோபரில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளுக்காக 6,000 ரூபாய் கட்டினேன். கனடாவில் போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணித்துத் தருவதற்கான கட்டணம் அது. விண்ணப்பம் நிரப்பித் தர வேறு கட்டணம். அதை நாங்கள் பெறவில்லை.

பொறுமைக்குக் குறை சொல்ல மாட்டேன்; ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஆனால் முடிவில் தந்த ஒற்றைத் தாளில் ‘வாட்டர்லூ 85%, டொராண்டோ 80%, பிரிட்டிஷ் கொலம்பியா 90%’ என்று மட்டுமே இருந்தது. எந்தப் படிப்புக்கு என்ற வரியே இல்லை. வாட்டர்லூவில் கணினி அறிவியல் கணிதப் புலத்தைச் சேர்ந்தது. மென்பொருள் பொறியியலைக் கணிதப் புலமும் பொறியியல் புலமும் சேர்ந்து நடத்துகின்றன. ஒரே பல்கலைக்கழகம்தான் என்றாலும் படிப்புக்குப் படிப்பு போட்டி வேறுபடுவதால், பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேராக ஒரு சதவீதத்தை எழுதினால் அது எதையும் சொல்லாது.

85 எப்படி வந்தது என்று கேட்டேன். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மகள் எடுத்த 571-ஐ 600-ஆல் வகுத்து, 95 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டு தொடங்கியிருக்கிறார்கள். அவள் கேட்டது வாட்டர்லூவின் மென்பொருள் பொறியியல். அதற்கு அவசியமான பாடங்கள் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல். அந்த நான்கிலும் அவள் எடுத்தது முறையே 88, 97, 94, 95, சராசரி 93.5. தமிழில் 97-ம் கணினி அறிவியலில் 100-ம் அவள் உழைத்துப் பெற்றவை, எனக்குப் பெருமைதான். ஆனாலும் இந்தக் கணக்கில் அவை ஆங்கிலத்தின் 88-ஐ மறைத்துவிட்டன. இத்தகைய போட்டியில் ஒன்றரை சதவீதம் சிறிய வித்தியாசம் அல்ல.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. டொராண்டோவில் கணினி அறிவியல் கிடைக்காவிட்டால் வேறு அறிவியல் பிரிவில் சேர்ந்து, “அடுத்த வருடம் மாறிக்கொள்ளலாம் சார்” என்றார்கள். அங்கே கணினி அறிவியலுக்கென்று தனிச் சேர்க்கைப் பிரிவு இருக்கிறது; அதற்கு வெளியே இருந்து பிறகு உள்ளே வருவோருக்கு இடங்கள் மிகக் குறைவு. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பிறகு ஒரு குடும்பம் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

மதிப்பெண்ணுக்கு வெளியே உள்ளவற்றை அவர்கள் எடைபோடவே இல்லை. வாட்டர்லூ பொறியியலுக்கு, மாணவர் தம்மைப் பற்றியும் தம் ஈடுபாடுகளைப் பற்றியும் எழுதும் சேர்க்கைத் தகவல் படிவமும் கணக்கில் கொள்ளப்படுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா தன்விவரக் கட்டுரைகளைக் கேட்கிறது. இவற்றுக்கு ‘மாதிரி விடைகள்’ என்று ஒரு கோப்பைத் தந்தார்கள். அதில் ஒரு வரிகூட என் மகளுடையது அல்ல. சிவதாபுரத்தில் நாங்கள் நடத்தும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில், வேலைக்குக் கொடுத்த வெள்ளியின் எடையும் திரும்பி வந்த கொலுசின் எடையும் சேதாரமும் நோட்டில் எழுதி எழுதிக் குழம்பிக்கொண்டிருந்தபோது, அவளே ஒரு சிறிய நிரல் எழுதி அந்தக் கணக்கைக் கைப்பேசியிலேயே பார்க்கும்படி செய்து கொடுத்தாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

‘எங்கள் விசா வெற்றி விகிதம்’ என்று சுவரில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். விசா வேறு, சேர்க்கை வேறு. 2024 ஜனவரியில் கனடா படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு அறிவித்து, இளநிலை மாணவர்களுக்கு மாகாண உறுதிக் கடிதத்தையும் (அந்த உச்சவரம்புக்குள் மாணவருக்கு இடம் உண்டு என்று மாகாண அரசு தரும் கடிதம்) கட்டாயமாக்கியது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகும் அந்தப் படி இருக்கிறது. அந்தப் பலகையைச் சேர்க்கை வாய்ப்புக்குச் சான்றாகக் காட்டியது சரியல்ல.

மறுவாரம் பாடவாரியான கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மூத்த ஆலோசகர் ஒருவர் மறுக்காமல் கேட்டார். பழைய தாளிலிருந்த மூன்று சதவீதங்களையும் பேனாவால் அடித்துவிட்டு, ஒவ்வொரு படிப்புக்கும் நேராக ‘கடினம்’, ‘முயலலாம்’, ‘பெரும்பாலும் கிடைக்கும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மென்பொருள் பொறியியலுக்கு நேராகக் ‘கடினம்’ என்று எழுதியிருந்தது. முதல் நாளே அந்தத் தாளைத் தந்திருந்தால் ஐந்துக்கு நான்கு கொடுத்திருப்பேன், இப்போது இரண்டரை.