காது வலிக்கு மருந்து கேட்டேன், சர்க்கரை உருண்டை கொடுத்தார்கள்

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் தயவுசெய்து படியுங்கள். போன மாதம் சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு மருந்துக்கடையில் எனக்கு ஹோமியோபதி உருண்டையை விற்றபோது நடந்தது இது.

நான்கு வயது மகளுக்கு ஒரு வாரமாகச் சளி. வியாழக்கிழமை இரவு திடீரென்று காதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கணவருக்கு இரவு வேலை, பலதுறை மருந்தகமும் (பாலிகிளினிக்) மூடியாகிவிட்டது, அதனால் அவளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். மணி ஒன்பதே கால் இருக்கும். மருந்தாளர் கிளம்பிவிட்டார், அவருடைய கவுன்டர் மூடியிருந்தது. விற்பனைக்கு நின்ற தமிழ்ப்பெண், பனடால் (பாராசிட்டமால்) சிரப் இருந்த அதே தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்து, "அக்கா, பிள்ளைக்கு இதுதான் நல்லது, இயற்கையானது, பக்க விளைவே இல்லை" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "இதோட பனடால் கொடுக்காதீங்க, கொடுத்தா இது வேலை செய்யாது."

22 வெள்ளி 90 காசு. மருந்துக்கடையில் சொல்கிறார்களே என்று நம்பினேன்.

இரண்டு நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து உருண்டை. வலி குறையவே இல்லை. வீட்டில் பனடால் இருந்தும் நான் கொடுக்கவில்லை, அதை நினைத்தால்தான் இன்னும் மனது ஆறவில்லை. சனிக்கிழமை இரவு காய்ச்சல் 39.4, தலையணையில் காதுச் சீழ். காலையில் டாக்டர் பார்த்துவிட்டுச் செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது, பெரும்பாலும் தானாகவே மூடிவிடும் என்று சொல்லி ஆன்டிபயாடிக் எழுதினார். முன்பே வந்திருந்தாலும் ஓட்டை விழுந்திருக்கலாம், ஆனால் பிள்ளை இரண்டு ராத்திரி இப்படித் துடித்திருக்கத் தேவையில்லை என்றார்.

வீட்டுக்கு வந்துதான் டப்பாவை முழுதாகப் படித்தேன். பெல்லடோனா 30சி என்ற ஹோமியோபதி மருந்து. அதாவது பெல்லடோனா என்ற செடியின் ஒரு பங்கு சாற்றை 99 பங்கு நீரிலோ ஆல்கஹாலிலோ கலந்து குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படியே 30 தடவை. 12ஆவது தடவையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அபூர்வம். பிறகு பிள்ளை சாப்பிட்டது என்ன? சர்க்கரைதான். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நிறைய ஆய்வுகளைப் பரிசீலித்து, ஹோமியோபதி எந்த நோய்க்கும் பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015இலேயே சொல்லிவிட்டது. "பக்க விளைவே இல்லை" என்பதையும் அப்படியே நம்ப முடியாது. பெல்லடோனா நச்சுச்செடி. 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ), பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சில ஹோமியோபதி மாத்திரைகளைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதைவிட மிக அதிகமான பெல்லடோனா சிலவற்றில் இருந்தது.

ஊரில் அம்மாவும் சளிக்கு இந்த உருண்டைதான் கொடுப்பார், யார் நம்பிக்கையையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே ஹோமியோபதி மருந்தை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பனடால் ஆணையத்தின் பதிவு பெற்ற மருந்து. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் வாங்குகிறவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? பதிவு பெற்ற மருந்துகளை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், வாங்கும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். டப்பாவில் பெயருக்குப் பின்னால் 6சி, 30சி, 200சி, 6எக்ஸ் என்று இருந்தால் அது ஹோமியோபதி. பனடாலை நிறுத்தச் சொன்னால், நிறுத்தும் முன் மருந்தாளரையோ டாக்டரையோ கேளுங்கள்.

கடைக்கு எழுதினேன். சட்டப்படிதான் விற்கிறோம் என்று பதில் வந்தது. சரி, சட்டப்படிதான். பனடாலை நிறுத்தச் சொன்னது யார் பொறுப்பு என்று கேட்டதற்கு ஒரு வரிகூட இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன். மகளுக்கு வலி இப்போது இல்லை, ஓட்டை மூடிவிட்டதா என்று பார்க்க அடுத்த வாரம் டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.