டர்பன் மொத்தக் கடைகளில் கார்டு தேய்க்கும் முன் பில்லைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டேக்அவே, டக் ஷாப் (சின்னத் தின்பண்டக் கடை) நடத்தும் நம்மவர்கள் கவனத்துக்கு.

சாட்ஸ்வொர்த்தில் பன்னி சோ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பியது) விற்கும் சின்னக் கடை எங்களுடையது. எண்ணெய், பருப்பு, மசாலா, பார்சல் டப்பா எல்லாம் ஒரே மொத்தக் கடையில்தான் எடுப்போம். போன மாதம் ஷெல்ஃபில் போட்டிருந்த விலைப்படி, வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்தே, கணக்கு 8,400 ரேண்ட். பையன்கள் சரக்கை வண்டியில் ஏற்றி முடித்த பிறகுதான் பில் கைக்கு வந்தது: 8,883. அடியில் பொடி எழுத்தில் ‘கார்டு சார்ஜ் 5%’ என்று 420, அதன் மேல் 15% வாட் 63.

“என்னம்மா இது?” என்றால், “பேங்க் புடிக்குது ஆன்ட்டி, நாங்க என்ன செய்ய?” என்கிறாள் கல்லாவில் இருந்த பெண்.

பேங்க் ஒன்றும் அவ்வளவு பிடிப்பதில்லை. கார்டு மெஷின் எங்களிடமும் இருக்கிறது. எங்களுக்கே 3 சதவீதத்தை ஒட்டித்தான் போகிறது; நாள் முழுக்கத் தேய்க்கும் மொத்தக் கடைக்கு இன்னும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அதிலும் நான் கொடுத்தது டெபிட் கார்டு. அதற்கு வங்கிகளுக்கிடையே கைமாறும் கட்டணம் கிரெடிட்டைவிடக் குறைவு. இங்கே எந்தக் கார்டு நீட்டினாலும் அதே ஐந்து. நாங்கள் வாட் பதிவு செய்யாதவர்கள், கட்டிய வரியைத் திரும்பக் கேட்க முடியாது; அந்த 63 ரேண்டும் போனது போனதுதான்.

செலவை விலையிலேயே சேர்த்து எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? ஷெல்ஃபில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை என்பதுதான் வயிற்றெரிச்சல். காட்டிய விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. கம்பெனியாகப் பதிந்திருந்தாலும், விற்றுமுதலும் சொத்தும் தனித்தனியே 20 லட்சம் ரேண்டுக்குள் இருந்தால் அந்தச் சட்டம் உங்களுக்கும் உண்டு.

மேனேஜரிடம் இதைச் சொன்னேன். “அப்போ கேஷ் கொண்டு வாங்க” என்றார். பட்டப்பகலில் துப்பாக்கி காட்டிப் பிடுங்கும் ஊரில் எட்டாயிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டுமாம்! வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் பேஷாப்பில் (PayShap) அனுப்புகிறேன், உடனே வந்து சேரும் என்றேன். அதுவும் ஆகாதாம். கடையில் மதியக் கூட்டம் காத்திருந்தது, கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் நுகர்பொருள், சேவைகளுக்கான ஒம்பட்டுக்கு (Ombud) புகார் அனுப்பியிருக்கிறேன். ஷெல்ஃப் விலைச் சீட்டை என் மகன் போனில் படம் எடுத்து வைத்திருந்தது கைகொடுத்தது. நீங்களும் எடுத்து வையுங்கள். சரக்கு வண்டி ஏறும் முன்பே, “கார்டு கொடுத்தால் மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், அதை வைத்துப் புகார் கொடுக்கலாம்.