வீட்டில் பாட்டுப் பதிவு: சில வருஷப் பழக்கத்தில் எது உதவியது, எது உதவவில்லை

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற பெட்டி), ஷூர் எஸ்எம்58 என்கிற டைனமிக் மைக், சாதாரண கண்டென்சர் மைக் ஒன்று, பழைய லேப்டாப், அதில் ரீப்பர் என்கிற பதிவு மென்பொருள். சில வருஷமாக வீட்டில் கர்நாடக சங்கீதம் பதிவு செய்வது இவ்வளவை வைத்துத்தான். பெரும்பாலும் குரல், வயலின், எப்போதாவது மிருதங்கம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த மைக் வாங்கலாம் என்றுதான். ஒலி சுத்தமாக வருவதில் மைக்குக்கு நான் கடைசி இடம்தான் தருவேன். மைக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம், அறையில் வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த இரண்டும்தான் முக்கால்வாசி.

தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், ஆனால் ஃபேன் சத்தமும் சுவரில் பட்டு வருகிற எதிரொலியும் இருந்த அளவிலேயே இருக்கும். மைக் ஒலியைப் பெரிதாக்குகிற கெயின் குமிழைத் திருகினால் இரண்டும் சேர்ந்து ஏறும், பிரயோஜனம் இல்லை. டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை எடுக்காது என்று சொல்கிறார்களே, அது பாதிதான் உண்மை. எஸ்எம்58-ஐ நாம் நாலு விரல்கடை தூரத்தில் வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரை ஒன்றரை அடி தள்ளி வைக்கிறோம், அதனால்தான் அப்படித் தெரிகிறது. எஸ்எம்58 கார்டியாய்டு வகை, முதுகுப் பக்கம் மிகக் குறைவாகத்தான் கேட்கும், ஆகவே அந்த முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். தெருச் சத்தம் முழுசாகப் போகாது, ஆனால் கணிசமாகக் குறையும்.

பக்கத்தில் வைத்துப் பாடினால் கீழ் ஸ்வரங்கள் வீங்கும். அதற்கு 80 ஹெர்ட்ஸில் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போடுங்கள், அதற்குக் கீழே உள்ளதை அது குறைத்துவிடும். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆண் குரலுக்கே மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ் பக்கம்தான் விழும், அதனால் பாட்டில் ஒன்றும் அடிபடாது. வயலினுக்கு மட்டும் இந்த நெருக்கம் ஒத்துவராது, வில் உரசுகிற சத்தம்தான் முன்னால் வந்து நிற்கும். மைக்கை ஒன்றரை அடி, இரண்டு அடி மேலே, சற்றுச் சாய்வாக வைப்பேன். கண்டென்சர் எனக்கு உபயோகப்படுவது இங்கேதான்.

ஃபேனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏசி இருந்தால் முன்னாலேயே போட்டு அறையைக் குளிரவைத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் விடிகாலை. நாய்ஸ் ரிடக்‌ஷன் பிறகு பார்த்துக்கொள்ளும் என்று விடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கார்வை, அதாவது ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது, முடிகிற இடத்தை ஹெட்போனில் கேட்டிருக்கிறீர்களா? ஸ்வரம் மெலிந்து ஃபேன் சத்தத்தின் அளவுக்கு இறங்கும்போது மென்பொருளுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. கார்வையின் வாலை வெட்டிவிடும், மிச்சம் இருப்பது தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருக்கும். பின்னால் தம்புரா வேறு ஓடினால் இன்னும் மோசம், நிற்காமல் ஒரே சீராக வருவதால் அதையே இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். தம்புராவைத் தனியாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடி, கடைசியில் தனி டிராக்காகச் சேர்ப்பதுதான் என் வழக்கம்.

அப்புறம் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளும் எப்படியாவது உள்ளே வந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆள் அதுதான். ரெண்டு பின் சார்ஜர்களில் இது அதிகம், எர்த் உள்ள மூணு பின் சார்ஜர் போட்டால் பல சமயம் சரியாகிவிடும். எர்த் பின்னை வெட்டிவிட்டால் இந்த ரீங்காரம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

லெவல் விஷயம் சுருக்கமாக: 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது கிளிப் ஆனால், அதாவது அளவு மீறி ஒலி உடைந்தால், அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, சத்தம் குறைவாகப் பதிவானதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ஃபோம் ஓடுகள் பற்றியும் சொல்லவேண்டும், நிறைய பேர் காசை அதில்தான் போடுகிறார்கள். ஓர் அங்குல ஃபோம் மேல் ஸ்தாயி எதிரொலியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும். தெருவில் போகிற ஆட்டோவை அது தடுக்காது. டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள அறையில் கை தட்டினால் "ணிங்" என்று கேட்கிறதே, அதைக் குறைக்கப் பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தாலே போதும். துணி நிறைந்த திறந்த அலமாரி இருந்தால் இன்னும் நல்லது.

மிருதங்கம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பத்துக்குப் பத்து அடி அறையில் நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் 56 ஹெர்ட்ஸ் பக்கமும் அதன் இரு மடங்கிலும் அறையே கூடச் சேர்ந்து முழங்குகிறது, தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்தில், எழும் கும்கி நாதம் எல்லாம் குழம்பிப் போகிறது. எந்த மெத்தையாலும் அதை அடக்க முடியவில்லை. அதனால் மிருதங்கம் என்றால் ஹாலுக்குப் போய்விடுகிறோம், அங்கே ஃப்ரிட்ஜை நிறுத்தவேண்டும். நிறுத்தும்போது வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், திரும்பப் போட மறக்கவே மாட்டீர்கள்.