ரம், எலுமிச்சை, கரும்புப் பாகு: தி போன்ஷா, டைக்கிரியா?

கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினிக் தீவுக்காரர் வீட்டு விருந்தில் பானத்தை யாரும் கலந்து கையில் கொடுப்பதில்லை. மேசை மேல் வெள்ளை ரம் பாட்டில், கரும்புப் பாகு, தட்டில் நறுக்கிய எலுமிச்சை, சின்னக் குவளைகள், கரண்டி எல்லாம் இருக்கும். மிச்சம் உங்கள் பாடு. "அவரவர் சாவை அவரவரே தயார் செய்துகொள்ளட்டும்" என்று பிரெஞ்சில் ஒரு பேச்சு அங்கே வழக்கம். பானத்தின் பெயர் தி போன்ஷ். 'சின்ன பஞ்ச்' என்பதைக் கிரியோல் மொழியில் அப்படிச் சுருக்கிவிட்டார்கள்.

இதே மூன்று பொருள்தான் கியூபாவின் டைக்கிரியிலும். அதனால் ஐஸ் போட்டுக் குலுக்கினால் டைக்கிரி, குலுக்காமல் விட்டால் தி போன்ஷ் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டையும் பல வருடமாக வீட்டில் கலந்து வருகிறேன். ஒன்றுக்கு ஏற்ற ரம் மற்றதற்கு ஒத்து வராது. எதைக் கலப்பது என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் அலமாரியில் இருக்கும் பாட்டில்.

சரி, ரம்மிலிருந்தே தொடங்குவோம். உலகத்தில் பெரும்பாலான ரம், சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸில் இருந்து வருகிறது. கியூபா ரம்மும் அப்படித்தான். 1862இல் சாந்தியாகோ தே கூபா நகரில் பக்கார்டி ரம் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து, கரியில் வடிகட்டி முரட்டு வாசனையை நீக்கிய மென்மையான வெள்ளை ரம் அங்கே பெயர் பெற்றது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் அக்ரிகோல் ரம் வேறு ஜாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை வந்து கரும்புச் சர்க்கரையின் விலையைச் சாய்த்தபோது, தோட்டக்காரர்கள் சர்க்கரை காய்ச்சுவதை விட்டுவிட்டுக் கரும்புச் சாற்றையே நேராகப் புளிக்க வைத்து வடிக்கத் தொடங்கினார்கள். வெட்டிய கரும்பு வெகுநேரம் தாங்காது, சீக்கிரம் பிழிந்தாக வேண்டும். அந்தப் பச்சைத்தனம் ரம்மில் அப்படியே தங்கிவிடுகிறது. மூடியைத் திறந்தால் கரும்புச்சாறு வண்டிப் பக்கத்தில் நிற்பது போல, நசுங்கிய சக்கையும் புல்லும் கலந்த ஒரு வாசம். மார்த்தினிக்கின் அக்ரிகோல் ரம்முக்கு 1996இல் பிரான்ஸ், ஒயினுக்குக் கொடுப்பது போன்ற ஊர்ப்பெயர் அங்கீகாரமும் கொடுத்தது.

அந்தக் கரும்பு வயலில் நம் ஆட்களின் வியர்வையும் உண்டு. 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, கூலிக்கு ஆள் தேடிய தோட்ட முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். முதல் கப்பல் மார்த்தினிக்கை அடைந்தது 1853இல். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த ஒரு தீவுக்கு மட்டும் சுமார் 25,000 பேர் போனார்கள், அதில் தமிழர் ஏராளம். அங்கே ஞாயிற்றுக்கிழமை சமைக்கும் 'கொலொம்போ' என்ற மசாலாக் கறியில் நம் குழம்பின் வாசனை இன்னும் இருக்கிறது. தி போன்ஷ் பற்றிப் பேச்சு வந்தால் இதைச் சொல்லாமல் என்னால் கடக்க முடிவதில்லை.

இப்போது எலுமிச்சை. இரண்டு பானமும் பிரிகிற இடம் என்னைப் பொறுத்தவரை இதுதான். டைக்கிரிக்கு வேண்டியது சாறு, தி போன்ஷுக்கு வேண்டியது தோல். பக்கத்து வீட்டு மார்த்தினிக் அம்மா எனக்குக் காட்டித் தந்த விதம் இது: நல்ல பச்சை எலுமிச்சையை நிமிர்த்தி வைத்து, பக்கவாட்டில் இரண்டு யூரோ நாணயம் அளவுக்கு ஒரு வில்லை சீவ வேண்டும். தோலோடு கொஞ்சமே கொஞ்சம் சதை ஒட்டியிருந்தால் போதும். அதைக் குவளைக்கு மேலே பிடித்து, தோல் கீழே பார்க்கும்படி இரண்டு விரலால் அழுத்தினால், தோலின் எண்ணெய் பொடிப் புகை மாதிரி தெறிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு வில்லையை உள்ளே போட்டுவிடலாம். சாறு சில சொட்டுதான் விழுகிறது, ஆகவே புளிப்பு குறைவு, மணம் அதிகம். பழுத்து மஞ்சளான பழத்தில் இந்த மணம் வராது.

ஒரு உணவு விடுதியில் தி போன்ஷ் கேட்டபோது, அரை எலுமிச்சையைப் பிழிந்து, உடைத்த ஐஸை நிரப்பிக் கொண்டுவந்தார்கள். அக்ரிகோல் ரம்மின் புல்வாசனையும் அத்தனை புளிப்பும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. பாதியில் வைத்துவிட்டேன்.

பாகு விஷயத்தில் பெரிய சண்டை இல்லை. பழுப்புக் கரும்புச் சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, சர்க்கரை கரைந்ததும் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் உறைந்துவிடும். வெல்லத்தில் செய்து பார்த்தேன், வெல்லத்தின் வாசம் ரம்மை மூடிவிட்டது. குவாதலூப்பில் சாற்றையே சுண்டக் காய்ச்சிய கரும் பாகு உண்டு. கிடைத்தால் ஒரு சொட்டு போதும்.

அளவு இப்படி. தி போன்ஷ்: 50 சதவீத ஆல்கஹால் உள்ள வெள்ளை அக்ரிகோல் ரம் 50 மி.லி., பாகு ஒரு சிறு கரண்டி, எலுமிச்சை வில்லை ஒன்று. முதலில் வில்லையும் பாகும், அப்புறம் ரம். கலக்குவதற்குத் தீவுகளில் 'லேலே' என்று ஒரு குச்சி இருக்கிறது. நுனியில் நாலைந்து கவடு உள்ள மரக்கிளை. அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவார்கள், மோர் கடையும் மத்தேதான். மரபாக ஐஸ் கிடையாது. முதல் வாய் நாக்கில் சுடும். குவளை பாதியாகும்போது தோலின் எண்ணெய் ஊறி, இனிப்பு அடியில் தங்கி, வேறொரு பானமாக மாறியிருக்கும்.

டைக்கிரி: 40 சதவீத கியூபா பாணி வெள்ளை ரம் 60 மி.லி., அப்போது பிழிந்த சாறு 20 மி.லி., பாகு 15 மி.லி. மூடிய குவளையில் நிறைய ஐஸோடு, பாத்திரம் கையை ஒட்டுகிற அளவுக்குக் குளிரும் வரை, பத்துப் பன்னிரண்டு நொடி குலுக்கி வடிகட்ட வேண்டும். சாந்தியாகோ அருகே டைக்கிரி என்ற ஊரில் இரும்புச் சுரங்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்தான் இந்தப் பானத்தை உருவாக்கினார் என்று சொல்வார்கள். ஹவானாவின் ஃப்ளோரிடீட்டா மதுக்கடையில் கான்ஸ்டான்டினோ ரிபலாய்குவா இதை மெருகேற்றினார். ஸ்ட்ராபெரி போட்டு மிக்ஸியில் அடிக்கும் கூழை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

டைக்கிரியில் நான்காவது பொருள் ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தண்ணீர். குலுக்கும்போது ஏறக்குறைய 30 மி.லி. ஐஸ் உருகிச் சேருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தி போன்ஷில் சுத்த ஆல்கஹால் 25 மி.லி., டைக்கிரியில் 24 மி.லி. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவது 60 மி.லி.க்குள் அடங்கிக் கிட்டத்தட்ட 42 சதவீதமாக நிற்கிறது, இரண்டாவது 125 மி.லி. ஆகப் பரந்து 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. 'டைக்கிரி லேசானது' என்று மூன்று குடிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தி போன்ஷை வெறும் வயிற்றில் தொடவே கூடாது. சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பதுதான் அங்கே வழக்கம், ஆனால் கூடவே அக்ரா வரும். உப்பிட்ட காட் மீனைப் பிய்த்து மாவில் கலந்து பொரித்த சின்னப் போண்டா அது.

பிரேசிலின் காய்ப்பிரீன்யாவையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். அதன் கஷாசாவும் கரும்புச் சாற்றில் வடித்ததுதான். ஆனால் எலுமிச்சையைத் தோலோடு சர்க்கரையில் நசுக்கி ஐஸ் போடுகிறார்கள். வெயிலுக்கு நல்ல பானம், இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

என் தேர்வு தி போன்ஷ். ரம்மின் குறையை அது மறைக்காது, ஆகவே நல்ல ரம்மின் அருமையும் அதில்தான் தெரியும். ஆனால் கையில் இருப்பது சாதாரண மொலாசஸ் வெள்ளை ரம் என்றால் தயங்காமல் டைக்கிரி செய்யுங்கள். அந்த ரம்மில் தி போன்ஷ் கலந்தால் வெறும் இனிப்புச் சாராயம்தான் மிஞ்சும். புளிப்பும் குளிர்ச்சியும் கூடினால்தான் அதற்கு உயிர் வரும்.

வீட்டுக்கு ஆள் வரும் நாளில் நான் இரண்டு பாட்டிலும் எடுத்து வைப்பேன். எலுமிச்சையின் நாலு பக்கமும் வில்லை சீவிய பிறகு நடுச்சதை சாறோடு மிஞ்சும். முதல் வாயிலேயே முகம் சுளித்தவருக்கு, அதைப் பிழிந்து ஒரு டைக்கிரி குலுக்கிக் கொடுத்துவிடுவேன்.